சாவி தொங்கும் இடம்

ஹிஸ்கா தன் வாழ்நாளில் பார்த்த மிக அழகான சூரிய உதயத்தின்போது அவள் மடியில் கழிப்பறைப் பம்பு கிடந்தது. அசோர்ஸ் தீவுகளிலிருந்து ஊர் திரும்பும் வழி, நடு அட்லாண்டிக். கிழக்கே மேகமெல்லாம் பற்றி எரிகிறது, படகின் இரண்டு பக்கமும் டால்பின்கள் துள்ளுகின்றன, அவளோ முழங்கை வரை அழுக்கோடு ஒரு ரப்பர் வளையத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

“கேப்டன், தலையத் தூக்கி வெளிய பாரு.”

அவள் கணவன் வீப்ரன் பார்த்தான். “அழகாத்தான் இருக்கு. வளையம் கிடைச்சுதா?”

“உன்ன மாதிரி ஒரு காதலன் யாருக்குக் கிடைப்பான்.”

“பம்பு ஓடலேன்னா காதலனும் வாளியிலதான் போகணும், பொண்ணே.”

பாய்மரப் படகில் ஊர் சுற்றுகிறவர்களைப் பற்றிக் கரையில் இருப்பவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. கையில் ஒயின், காற்றில் பறக்கும் முடி, காலுக்கடியில் நீலக்கடல். அந்த நினைப்பைக் கிளப்பிவிட்டவன் எவனாக இருந்தாலும் அவனை ஒரு வாரம் தங்கள் படகு ‘யான்தினா’வில் ஏற்றி, எஞ்சினுக்கடியில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும் என்பாள் ஹிஸ்கா. உப்பு எதையும் விட்டுவைக்காது. டீசல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். விளக்கு ஒயர் பச்சை பூத்து அறுந்துபோகும். எஞ்சின் சூடானால் அலற வேண்டிய மணி, போகும் வழியிலேயே ஊமையாகிவிட்டது. அடுத்த துறைமுகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றான் வீப்ரன். ஒவ்வொரு துறைமுகத்திலும் அதையேதான் சொன்னான்.

அப்படியிருந்தும் அவள் அந்தப் படகை விட்டுப் போக நினைத்ததில்லை. நல்ல காற்று கிடைத்து எஞ்சினை அணைத்ததும் ஒரு நிசப்தம் வரும் பாருங்கள், அதற்காக எத்தனை பம்பை வேண்டுமானாலும் கழற்றலாம். குக்கரில் ரொட்டி வெந்து மணக்கும். படகின் பின்னால் பொருத்தியிருந்த காற்றுத்தகடு தானே சுக்கானைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு பொக்கெ என்று பெயர் வைத்திருந்தான் வீப்ரன். காலையில் அதற்கு வணக்கம் சொல்வான். “பொக்கெ சோறு கேக்கமாட்டான், தூங்கமாட்டான், எதிர்த்துப் பேசமாட்டான். அவனக் கட்டியிருக்கலாம்” என்பான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நெதர்லாந்தில் ஹார்லிங்கன் என்ற துறைமுக ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு இருவரும் படகிலேயே குடியேறினார்கள். வேறு வீடு இல்லை.

வீப்ரன் தீவுகளுக்குப் போகும் பயணக் கப்பல்களில் எஞ்சின் ஆளாக இருந்தவன். ஹிஸ்கா பல் டாக்டரிடம் உதவியாளர். இண்டு இடுக்கில் கைவிட்டுச் சின்னக் கருவியைத் திருப்புவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் எஞ்சின் சட்டமெல்லாம் அவனுடையது. அதில் முதல் சட்டம் சாவி.

எஞ்சின் சூடாகாமல் இருக்கக் கடல்தண்ணீர் வேண்டும். படகின் அடிவயிற்றில் ஒரு ஓட்டை, அதிலிருந்து ஒரு குழாய், குழாயில் ஒரு வால்வு. கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் நின்றால் திறந்திருக்கிறது. குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பாயில் ஓடும்போது அதை மூடிவைப்பார்கள், ஓட்டையை நம்பித் தூங்க முடியாது. மூடியதை மறந்து எஞ்சினைக் கிளப்பினால் தொலைந்தது. பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம் சில நிமிடத்தில் கிழிந்துபோகும், பிறகு எஞ்சினே வெந்துவிடும். அதற்காகக் கடலோடிகள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். வால்வை மூடிய கையோடு எஞ்சின் சாவியைப் பிடுங்கி அந்தக் கைப்பிடியிலேயே மாட்டிவிடுவது. சாவி வேண்டுமென்றால் வால்விடம் போய்க் குனிய வேண்டும். குனிந்தவன் திறக்காமல் வருவானா?

வந்தான். அசோர்ஸில், ஹோர்த்தா துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய அன்று, ஏணிப்படிக்குக் கீழே குனிந்து சாவியை எடுத்துக்கொண்டு, வால்வைத் திறக்காமல் மேலே வந்தான் வீப்ரன். ரப்பர் கருகும் வாசனை ஹிஸ்காவின் மூக்கில் ஏறியது. ஓடிப்போய் எஞ்சினை நிறுத்தினாள். கையிருப்பில் இருந்த கடைசி ரப்பர் சக்கரத்தை மாட்டினார்கள். பழைய எஞ்சின், அந்த ஊரில் அதற்குச் சக்கரம் கிடைக்கவில்லை.

“ரப்பர் பழசு” என்றான் வீப்ரன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுக்குப் பயம் வந்தது. ரப்பருக்காக இல்லை. அதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. கேஸ் குழாயைத் திறந்துபோட்டுவிட்டுப் போவான். ஒரே கதையை ஒரே சாப்பாட்டு வேளையில் இரண்டு தடவை சொல்வான். ஒருநாள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, எந்த முடிச்சு போட வந்தோம் என்று தெரியாமல், வெகுநேரம் நின்றான். அவனுடைய அப்பாவும் இப்படித்தான் ஆரம்பித்தார். கடைசியில் ஒரு இல்லத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து மேஜைத்துணியை மடித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அந்த இல்லத்திலிருந்து வெளியே வந்த ஒரு சாயங்காலம் வீப்ரன் அவளிடம் சொன்னான்: “எனக்கு இந்த மாதிரி ஆச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கு, நான் படகோட பின்பக்கமா இறங்கிடுவேன். நீ தேடக்கூடாது.” அவன் விளையாட்டுக்குப் பேசுகிறவன்தான், ஆனால் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

கரையில் இருப்பவனுக்கு அப்படி இறங்குவது கஷ்டம். நடுக்கடலில் ஒரு எட்டு வைத்தால் போதும். ஒருவர் தூங்கும்போது மற்றவர் தனியாக மேலே காவல் இருக்கும் படகு இது. அதனால் ஹிஸ்கா ஒரு முடிவுக்கு வந்தாள். ஹார்லிங்கன் போய்ச் சேரும்வரை அவனுக்குத் தெரியக்கூடாது. அவனுக்கு என்ன ஆகிறது என்பதும் தெரியக்கூடாது, அது அவளுக்குத் தெரியும் என்பதும் தெரியக்கூடாது.

அன்றிலிருந்து அவன் பின்னால் பூனை மாதிரி நடந்தாள். கேஸை அணைத்தாள். அவன் தளர்வாகப் போட்ட முடிச்சை அவன் கீழே இறங்கியதும் இறுக்கினாள். எஞ்சின் தேவைப்படும் நேரம் நெருங்கினால், அவனுக்கு முன்பே கீழே போய் வால்வைத் திறந்துவிட்டு, சாவியை மட்டும் தொடாமல் கைப்பிடியிலேயே தொங்கவிட்டு வந்துவிடுவாள். அவன் போவான், சாவியை எடுப்பான், வருவான். எஞ்சின் ஓடும். “பாத்தியா, கிழவன் இன்னும் கில்லாடிதான்” என்று எஞ்சின் மூடியைத் தட்டிக்கொடுப்பான். அவள் திரும்பிக்கொண்டு பாத்திரத்தைக் கழுவுவாள். சில நாள் கோபமும் வரும். எத்தனை நாளைக்கு இந்த நாடகம், இந்த ஆளுக்கு எதுவுமே உறைக்காதா என்று தலையணையைக் குத்துவாள்.

பிரெஞ்சுக் கரை அடுத்த நாள் தெரியும் என்ற நிலையில், மாலையில் அவள் பின்னிக்கொண்டிருந்தபோது வீப்ரன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அந்தச் சிவப்பு நூல்ல ஒரு முழம் குடேன்.”

“என்ன பண்ணப் போறே? பொக்கெக்கு மஃப்ளரா?”

“கட்டறதுக்குத்தான்.”

“எத?”

“எதையாவது. நூல் கேட்டா நூலக் குடு, வக்கீல் மாதிரிக் கேள்வி கேக்காத.”

வெட்டிக் கொடுத்தாள். அவன் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டான். நடுவில் அவளைப் பார்த்து ஒரு மாதிரிச் சிரித்தான், சின்னப் பிள்ளை எதையோ ஒளித்துவைத்திருக்கும்போது சிரிப்பதுபோல. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விடிந்தபோது காற்று செத்திருந்தது. பென்மார்க் முனையின் கலங்கரை விளக்கம் மூடுபனிக்கு மேல் தெரிந்தது, அதற்குக் கீழே பாறைகள். மேற்கிலிருந்து பழைய புயலின் பேரலைகள் மட்டும் சத்தமில்லாமல் உருண்டு வந்து அந்தப் பாறைகளில் வெடித்தன. நீரோட்டம் அந்தப் பக்கமாகத்தான் இழுத்தது. பாய்கள் தொங்கிப்போய் அலைக்கு அலை பளார் பளாரென்று அடித்துக்கொண்டன. காற்றில்லாதபோது பொக்கெயும் செத்த சவம்தான்.

வீப்ரன் படுக்கையில் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான். ஹிஸ்கா முந்திக்கொண்டாள். காபி போடுவதுபோல் கீழே இறங்கி, ஏணிப்படியை நகர்த்தி, இருட்டுக்குள் கையைவிட்டு வால்வைத் திறந்தாள். சாவி கைப்பிடியில் கிலுங்கியது. அதோடு விரலில் ஏதோ மென்மையாகப் பட்டது. நின்று பார்க்க நேரமில்லை. படியை இருந்தபடி வைத்துவிட்டு மேலே வந்தாள்.

“எஞ்சினப் போடணும், கேப்டன். பாறை கிட்ட வருது.”

“தெரியுது. நீ முன்னாடி போய்ப் பாய இறக்கு. எஞ்சின் என் வேலை.”

அவள் பாய்மரத்தடிக்குப் போனாள். பின்னால் எஞ்சின் பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது, அப்பாடா என்றிருந்தது. எஞ்சின் ஓட ஆரம்பித்ததும் படகின் பின்பக்கம் எட்டி, எஞ்சினைச் சுற்றிவந்த தண்ணீரைப் புகைக்குழாய் துப்புகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தக் கடலோடியும் தூக்கத்தில்கூடச் செய்வான். வீப்ரன் கண்ணைப் பாறையிலிருந்து எடுக்கவில்லை. ஹிஸ்காவும் பார்க்கவில்லை. திறந்தது தன் கை என்ற தைரியம் அவளுக்கு.

படகு பாறைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கொஞ்சம் கொஞ்சமாக வெளிக்கடலை நோக்கி நகர்ந்தது. நீரோட்டத்தை வெல்ல வீப்ரன் எஞ்சினை முழுசாக முடுக்கினான். பாயைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்த ஹிஸ்காவின் மூக்கில் அந்த வாசனை ஏறியது. அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஏணி வாசலிலிருந்து வெள்ளைப் புகை வந்தது. எஞ்சின் ஒருமுறை கத்தி, இறுகி, நின்றது.

வீப்ரன் சாவியைத் திருப்பினான். டொக். மறுபடி திருப்பினான். டொக்.

“என்ன ஆச்சு?” என்றான் அவளிடம். எஞ்சினைப் பற்றி அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று நிற்க நேரமில்லை. நங்கூரத்தை விட்டார்கள். கீழே வழவழப்பான பாறை, நங்கூரம் பற்றிப் பற்றி வழுக்கியது, ஒவ்வொரு அலைக்கும் சங்கிலி இழுபடும் அதிர்ச்சி காலில் ஏறியது. ஹிஸ்கா ரேடியோவில் உதவி கேட்டாள். மீட்புப் படகு கிளம்பிவிட்டது, உயிர்காப்பு ஆடையோடு தயாராக இருங்கள் என்று பதில் வந்தது. உலர்ந்த துணி எடுக்கக் கீழே இறங்கினாள். எடுக்கவில்லை. படியை இழுத்துத் தள்ளி விளக்கை அடித்து வால்வைப் பார்த்தாள்.

கைப்பிடி குறுக்கே நின்றது. அதில் அவளுடைய சிவப்பு நூல், கடலோடி போடும் அழகான முடிச்சாகக் கட்டியிருந்தது. நூலின் நுனி சாவி தொங்கும் இடத்தில் படும்படி விட்டிருந்தது. சாவியை எடுக்கும் விரலில் நூல் பட வேண்டும். பட்டதும், திருப்பு என்று ஞாபகம் வர வேண்டும்.

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தன் மறதி தெரிந்து, யாரிடமும் சொல்லாமல், தனக்குத்தானே ஒரு வழி செய்துகொண்டிருக்கிறான். அந்த வழி வேலையும் செய்திருக்கிறது. சாவியை எடுத்தான், விரலில் நூல் பட்டது, ஞாபகமாகக் கைப்பிடியைத் திருப்பினான். மூடியிருந்தால் திறந்திருக்கும். அவள் அதை ஏற்கெனவே திறந்து வைத்திருந்தாள். ஹோர்த்தாவை விட்ட பிறகு அவன் மறக்காமல் வால்வைத் திருப்பிய ஒரே காலை அதுதான்.

அவள் நூலை அவிழ்க்கப் பார்த்தாள். ஈரத்தில் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அறுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

மீட்புப் படகில் இருந்த நாலு பேரும் வாட்டசாட்டமானவர்கள். அவர்களுக்குத் தலைவன் கோரந்தின் என்ற தாடிக்காரன். அலையின் உச்சியில் இரண்டு படகும் ஒட்டும் நேரம் பார்த்து இருவரையும் ஒவ்வொருவராக அள்ளிப் போட்டான். இழுவைக்கயிறு மாட்ட முயன்றபோது நங்கூரச் சங்கிலி அறுந்தது.

“மன்னிச்சுக்குங்க மேடம். பாறைக்குள்ள என் ஆளுங்கள விடமுடியாது” என்றான் கோரந்தின்.

யான்தினா பக்கவாட்டில் போய் மோதியது. இரும்புப் படகு, உடனே உடையவில்லை. அலை தூக்கித் தூக்கி அடித்தது. பாய்மரம் சாய்ந்தது. ஹிஸ்காவின் படுக்கை, ரொட்டிக் குக்கர், பாதி பின்னிய ஸ்வெட்டர், அவர்களுடைய கல்யாணப் படம், எல்லாம் அதற்குள் இருந்தன. பொக்கெயின் தகடு மட்டும் கடைசிவரை அலையோடு ஆடிக்கொண்டிருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். வீப்ரன் அழவில்லை. போர்வைக்குள் உட்கார்ந்து தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல்களை மெதுவாகத் திருப்பினான்.

“ஹிஸ்கா.”

“சொல்லு.”

“நான் அதத் திறந்தேன். சாவிய எடுத்தேன், கைப்பிடியத் திருப்பினேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.” அவள் பக்கம் திரும்பினான். “இருக்குல்ல?”

அவன் கண்ணைப் பார்த்தாள். நாற்பது வருஷத்தில் அவன் அப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை. நீ திருப்பவே இல்லை என்று சொன்னால், அவன் தலைக்குள் இருக்கும் எதையும் இனி அவன் நம்பமாட்டான். நான் முன்னாடியே திறந்து வைத்திருந்தேன் என்று உண்மையைச் சொன்னால், ஏன் என்று கேட்பான். எத்தனை நாளாக என்று கேட்பான். மீட்புப் படகுக்கும் பின்பக்கம் உண்டு, அங்கே தடுப்பு இடுப்பளவுதான்.

“நீ திறந்தே” என்றாள். “அப்புறம் நான் கீழ போனேன். கழிப்பறை வால்வுன்னு நெனச்சு அத மூடிட்டேன். நான்தான், வீப்ரன். மறந்துபோச்சு.”

அவன் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, எதிரே தங்கள் வீடு துண்டு துண்டாகிக்கொண்டிருக்கும்போதே, அந்த முகம் தெளிந்தது. போர்வைக்குள் தோள்கள் இறங்கின. நிம்மதியாக மூச்சு விட்டான்.

“அப்போ எனக்கு ஒண்ணும் இல்ல” என்றான் மெல்ல.

“உனக்கு ஒண்ணும் இல்ல.”

அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. “எத்தன வருஷமாத் தலப்பாடா அடிச்சுக்கறேன். மூடினா சாவி. மூடினா சாவி. ஒரு மூடின வால்வ அப்படியே விட்டுட்டு வருவாளா ஒருத்தி?” நாலு பிரெஞ்சுக்காரர்கள் முன்னால் கத்தினான். கோரந்தின் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

ஹார்லிங்கனில் ஒரு வாடகை அறை கிடைத்தது. துறைமுகத்துப் பழைய சிநேகிதன் டௌவெ வாராவாரம் காபிக்கு வருவான். வாராவாரம் வீப்ரன் அந்தக் கதையைச் சொல்வான். காற்று செத்தது, தான் ஞாபகமாகத் திறந்தது, அவள் போய் மூடியது. ஹிஸ்கா சர்க்கரை ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவித் தட்டை நகர்த்துவாள்.

“ஏம்மா, எஞ்சின் ஓடும்போது கழிப்பறை வால்வத் தேடி அங்க எதுக்குப் போனே?” என்று ஒருமுறை டௌவெ கேட்டான். நாற்பது வருஷம் மீன்பிடிப் படகு ஓட்டியவன், அவனுக்குக் கணக்கு உதைத்தது.

“புத்தி கெட்டுப்போச்சு” என்றாள்.

ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மளிகைக் கடையில்கூட அவளைப் பார்த்து, கேஸை அணைத்துவிட்டு வந்தீர்களா என்று சிரித்தார்கள். அவள் உள்ளுக்குள் வெந்தாள். எல்லோரையும் பிடித்து உலுக்கி உண்மையைக் கத்த வேண்டும்போல் இருக்கும். வீட்டுக்கு வந்து அவன் திறந்துபோட்ட தண்ணீர்க்குழாயை மூடுவாள்.

வீப்ரனுக்கு அந்தக் கதையைத் தவிர மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக மறந்துபோயிற்று. தெருப்பெயர் போயிற்று, டௌவெ போனான், பொக்கெ போனான். ஒருநாள் அவளும் போனாள். அவனை இல்லத்தில் சேர்த்தார்கள், அவன் அப்பா இருந்த அதே இல்லம். கையில் இருந்தது ஒரே சாமான். மீட்புப் படகில் ஏறும்போது பழக்கதோஷத்தில் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்ட எஞ்சின் சாவி. அதை அறையைச் சூடாக்கும் வெப்பக்குழாயின் வால்வில் மாட்டிவைத்திருந்தான். யாரும் எடுக்க விடமாட்டான்.

குளிர்காலத்தில் ஒரு மத்தியானம் ஹிஸ்கா போய் எதிரே உட்கார்ந்தாள். மரியாதையாகத் தலையசைத்தான்.

“நீங்க கடல்ல போயிருக்கீங்களா?”

“கொஞ்சம்.”

“எங்கிட்ட ஒரு படகு இருந்துச்சு. என் பொண்டாட்டி ஒரு வால்வ மூடிட்டா. பாறையில போயிடுச்சு.”

“மறந்திருப்பா” என்றாள்.

“ஆமா.” சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். “உங்ககிட்டச் சொன்னா என்ன. அவளுக்கு மறதி வியாதி. ரொம்ப நாளாவே. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஒடஞ்சுபோயிடுவா. அதனால அவ பின்னாலயே சத்தமில்லாம போய், அவ விட்டத எல்லாம் நான் சரி பண்ணி வெச்சிடுவேன். அந்த ஒரு நாள்தான் பாக்காம விட்டுட்டேன்.”

ஹிஸ்கா மேஜைத்துணியின் மடிப்பை நீவினாள்.

“அவளத் திட்டியிருக்கேன், எல்லார் முன்னாடியும்” என்றான். “அது தப்பு. நீங்க அவளப் பாத்தா எதையும் சொல்லிடாதீங்க.”

“சொல்லமாட்டேன்.”

அவன் திருப்தியாகச் சாய்ந்து கண்ணை மூடினான். அறை சில்லென்று இருந்தது. ஹிஸ்கா எழுந்து குனிந்து, சாவி கிலுங்காமல் பிடித்துக்கொண்டு, வெப்பக்குழாய் வால்வைத் திறந்தாள்.